பாடிவீட்டில் வளர்ந்த கதிரவன் அடுப்பு

வனவாசம் புகுந்த தருமர், தம்மைப் பின்தொடர்ந்து வந்த அந்தணர்களுக்கு எவ்வாறு உணவளிப்பது என்று கலங்கி நின்றபோது, கதிரவனை வழிபட்டு அவனிடமிருந்து அட்சய பாத்திரத்தைப் பெற்றார் என்று மகாபாரதம் கூறும். இக்கதையை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் அதிலுள்ள ஒரு நுட்பம் என் கருத்தைக் கவர்வதுண்டு. பாத்திரத்தை அளித்தவன் அக்கினி அல்லன், கதிரவன். அதைப் பெற்ற இடம் அரண்மனை அன்று, காடு. அடுக்களையும் விறகுப் புரையும் உள்ளவனுக்குக் கதிரவனின் பாத்திரம் எதற்கு?

புராணத்தை விஞ்ஞானமாக்கிக் காட்டுவது என் நோக்கமன்று. இன்றைய கருவிகள் அனைத்தையும் பழைய ஏடுகளில் கண்டுவிட்டதாகச் சாதிப்போர் நம்மிடையே வேண்டிய மட்டும் இருக்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் இன்னொருவர் தேவையில்லை. ஆனால், சூரிய வெப்பத்தால் சமைக்கும் அடுப்பின் உண்மைச் சரித்திரத்தைப் படித்துப் பார்த்தால், அதுவும் வீட்டை விட்டு வெளியேறியவர்களின் சரித்திரமாகவே இருக்கக் காண்கிறோம். மலையேறியவர், கடல் கடந்து வானத்தை ஆராயச் சென்றவர், படைவீரர், அகதிகள் ஆகியோரிடையே அந்த அடுப்பு எரியாமல் எரிந்தது. முகாம் என்று இன்று நாம் சொல்வதைப் பாசறை என்றும் பாடிவீடு என்றும் சொன்னார்கள் முன்னோர். அந்தப் பாடிவீட்டுக்கே இவ்வடுப்பு உரியது. நகரத்து வீடுகளுக்குள் அதைக் கொண்டுவர எடுத்த முயற்சிகள் பெரும்பாலும் தோற்றன. ஏன் தோற்றன என்பதே இக்கட்டுரையில் நாம் ஆராயவேண்டிய பொருள்.

கதிரவன் ஒளியைக் கொண்டு சூடேற்ற இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, சிதறிக் கிடக்கும் கதிர்களை ஆடியாலோ கண்ணாடி வில்லையாலோ ஓரிடத்தில் குவிப்பது. சூரியகாந்தக் கல்லும் பஞ்சும் பற்றித் திருமூலர் திருமந்திரத்தில் உவமை கூறியிருப்பதால், இந்த முதல் வழி தமிழர்க்குப் பழைய செய்தியே. மற்றொன்று, வந்த வெப்பத்தை வெளியேற விடாமல் சிறைப்பிடிப்பது. கரிய நிறம் ஒளியை உண்டு வெப்பமாக மாற்றுகிறது. மேலே மூடியுள்ள கண்ணாடி, ஒளியை உள்ளே விடுகிறது; ஆனால் சூடேறிய பொருள் திருப்பி வீசும் கண்ணுக்குத் தெரியாத வெப்பக் கதிரை வெளியே விட மறுக்கிறது; காற்று புகுந்து சூட்டை அள்ளிச் செல்வதையும் தடுக்கிறது. பக்கங்களில் தக்கையோ பஞ்சோ பழைய செய்தித்தாளோ அடைத்துவிட்டால் போதும். குவிப்பது சினங்கொண்ட வழி, சிறைப்பிடிப்பது பொறுமையின் வழி என்று பிள்ளைகளுக்கு நான் சொல்வதுண்டு. சோறு பொங்குவதற்குப் பொறுமை வழியே ஏற்றது.

இந்த இரண்டாம் வழியை முறையாகச் சோதித்துப் பார்த்தவர் ஜெனீவா நகரத்து அறிஞர் ஹொராஸ் பெனடிக்ட் தெ சொசூர். 1740-ல் பிறந்த இவர், இருபத்திரண்டு வயதிலேயே பேராசிரியர் ஆனவர். 1767-ல், ஒன்றினுள் ஒன்றாக அடங்கும் ஐந்து கண்ணாடிப் பெட்டிகளைச் செய்து, கருநிற மேசைப் பலகையின்மீது கவிழ்த்து வெயிலில் வைத்தார். உட்பெட்டியின் சூடு ஏறத்தாழ 88 டிகிரி செல்சியஸ் வரை உயர்ந்தது. உள்ளே வைத்த பழங்கள் வெந்து சாறு விட்டன. பிறகு, உட்புறம் கருந்தக்கை பதித்த சிறிய மரப்பெட்டி ஒன்றை மூன்று கண்ணாடித் தகடுகளால் மூடிச் செய்தார். அதில் 109 டிகிரி ஏறியது. நீர் கொதிக்கும் சூட்டையும் தாண்டிவிட்டது என்பது கவனிக்கத்தக்கது.

இவர் சமையலுக்காக இதைச் செய்தாரா என்றால், இல்லை. ஆல்ப்ஸ் மலையில் ஏறி இறங்குவதே வாழ்வாகக் கொண்டவர் அவர். 1787-ல் மோன் பிளாங்கின் உச்சியையும் அடைந்தார். அவரை வாட்டிய கேள்வி இதுதான்: மலை உச்சி வானத்தை நெருங்கி நிற்கிறது, வெயிலும் அங்கே கடுமையாக அடிக்கிறது, அப்படியிருக்க ஏன் அங்கே குளிர்? விடை காண, 1774-ல் தம் பெட்டியைக் கிராமோன் என்னும் சிகரத்திற்குச் சுமந்து சென்றார். அங்கே காற்றின் சூடு 6 டிகிரி. பெட்டிக்குள் 88 டிகிரி. மறுநாள், ஏறத்தாழ 4,850 அடி கீழே உள்ள கூர்மேயர் சமவெளியில் வைத்தார். காற்றின் சூடு 25 டிகிரிக்கு ஏறியிருந்தது. பெட்டிக்குள்ளோ 86 டிகிரிதான்! வெயில் இரண்டு இடத்திலும் ஒன்றே. மெல்லிய மலைக்காற்றுக்குச் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும் ஆற்றல்தான் குறைவு என்று முடிவு கட்டினார். வெளியே எவ்வளவு குளிர்ந்தாலும் வெயில் இருந்தால் பெட்டி சூடேறும் என்ற உண்மை, பிற்காலத்தில் பனிமலையில் முகாமிட்டவர்க்கெல்லாம் பயன்பட்டது. எளிதில் செய்யக்கூடிய இந்தச் சிறு பெட்டியால் என்றேனும் ஒரு பயன் விளையும் என்று சொசூரே எழுதி வைத்தார்.

அந்தப் பயனைக் கண்டவர் எழுபது ஆண்டுகள் கழித்து வந்தார். அவர் வந்த இடம் ஆப்பிரிக்காவின் தென்கோடி.

சர் ஜான் ஹெர்ஷல் ஆங்கில நாட்டு வானநூல் வல்லார். யுரேனஸ் கோளைக் கண்டறிந்த வில்லியம் ஹெர்ஷலின் மைந்தர். தென்திசை வானத்து மீன்களை அளவிட வேண்டும் என்ற ஆவலால், 1834 ஜனவரியில் மனைவி மக்களோடும் பெரிய தூரதரிசினியோடும் நன்னம்பிக்கை முனையில் வந்திறங்கினார். 1838 வரை அங்கே தங்கினார். இரவெல்லாம் விண்மீன், பகலில் கதிரவன். சூரியன் பூமிக்கு எவ்வளவு வெப்பம் அளிக்கிறது என்பதையும் அளந்து பார்க்க விரும்பியவர், 1837 நவம்பரில் ஒரு சிறிய மகோகனி மரப்பெட்டியின் உட்புறத்துக்குக் கறுப்புப் பூசி, சாதாரண ஜன்னல் கண்ணாடி ஒன்றால் மூடி வெயிலில் வைத்தார். சூடு 65 டிகிரி செல்சியஸுக்குச் சென்றது. பெட்டியைச் சுற்றி மணலைக் குவித்தார், 80-ஐ எட்டியது. வெளியே மேலும் ஒரு மரச்சட்டமும் கண்ணாடியும் இட்டு மணலால் அணைத்தார். 115 டிகிரியையும் கடந்தது. டிசம்பர் மாதம் அத்திசையில் கோடை என்பதை வாசகர்கள் நினைவிற்கொள்ள வேண்டும்.

இவ்வளவு சூடு வீணாகப் போவானேன் என்று தோன்றியிருக்க வேண்டும். டிசம்பர் 21-ஆம் நாள் தொடங்கி முட்டை, பழம், இறைச்சி ஆகியவற்றைப் பெட்டிக்குள் வைத்துப் பார்த்தார். எல்லாம் நன்றாக வெந்தன. முட்டைகள் நடுக்கரு வரை மாவாகும்படி இறுகிவிட்டன. ஒருநாள் இறைச்சியும் காய்கறிகளும் சேர்ந்த குழம்பு ஒன்றும் ஆயிற்று. வேடிக்கை பார்க்க வந்தவர்கள் அதை விரும்பி உண்டார்கள். 1847-ல் அவர் வெளியிட்ட பெரிய வானநூல் ஆய்வேட்டில், நட்சத்திரக் கணக்குகளுக்கிடையே இந்தக் குழம்பும் இடம்பெற்றிருக்கிறது. மணலை அணைகொடுத்த அந்த யுக்தியை எண்ணிப் பாருங்கள். பட்டறை இல்லை, தச்சன் இல்லை, வேண்டிய பொருளை வாங்கக் கடை இல்லை. கையருகே கிடந்ததைக் கொண்டு காரியத்தை முடித்தார். முகாம் வாழ்வு மனிதனுக்குக் கற்பிக்கும் பாடம் அதுதான்.

இனிப் பிரான்சு நாட்டுக்கு வருவோம். இங்கே நம் கதாநாயகர் ஒரு பள்ளி ஆசிரியர் என்பதில் எனக்குள்ள மகிழ்ச்சியை வாசகர்கள் மன்னிப்பார்களாக. அகஸ்டின் மூஷோ 1825-ல் பிறந்தவர், கணித ஆசிரியர். சொசூரின் பெட்டியைப் பற்றிப் படித்தவர், அதன் பொறுமையோடு ஆடியின் சினத்தையும் இணைத்துவிட்டார். கண்ணாடிக் குடுவையால் மூடிய கரிய பாத்திரம். அதன்மீது ஒளியைக் குவிக்கும் ஆடி. 1860 முதல் இம்முயற்சியில் ஈடுபட்டு, 1869-ல் சூரிய வெப்பத்தைப் பற்றி ஒரு நூலும் எழுதினார். அரசினர் 1877-ல் அவரை அல்ஜீரியாவுக்கு அனுப்பினர். வெயில் கொளுத்தும் நாடு. விறகும் நிலக்கரியும் அரிய நாடு. படைவீரர் பாடிவீட்டிலிருந்து பாடிவீட்டிற்கு நகர்ந்துகொண்டே இருந்த நாடு. தூக்கிச் செல்லத்தக்க சிறு அடுப்பை வீரர்களுக்காக வகுத்தார் மூஷோ.

1878-ல் பாரிசில் நடந்த உலகக் கண்காட்சியில் அவருடைய ஆடி அடுப்புகள் அரைக் கிலோ மாட்டிறைச்சியை 22 நிமிடங்களில் வாட்டிக் கொடுத்தன. அவருடைய பெரிய இயந்திரம் சூரிய வெப்பத்தாலேயே பனிக்கட்டி செய்து காட்டியது. தங்கப் பதக்கமும் கிடைத்தது. ஆனால் 1860-ல் இங்கிலாந்தோடு செய்துகொண்ட வாணிப உடன்படிக்கையால் பிரான்சில் நிலக்கரி மலிந்திருந்தது. இருப்புப் பாதைகள் அதை எங்கும் கொண்டு சேர்த்தன. சூரிய இயந்திரம் கட்டுபடியாகாது என்று அரசினர் நியமித்த குழு தீர்ப்பளித்தது. மூஷோ ஆய்வைக் கைவிட்டார். 1912-ல் வறுமையில் மறைந்தார். அடுப்பின் குறையன்று இது. அதனருகே மலிவான கரி கிடந்த குறை. கரி கிடைக்காத பாலைவனத்தில் வெற்றி, கரி குவிந்த பாரிசில் தோல்வி.

அதே 1878-ல், நம் பம்பாயிலும் ஒரு நூல் வெளிவந்தது. அதை எழுதிய வில்லியம் ஆடம்ஸ் பம்பாய் உயர்நீதிமன்றத்தின் துணைப் பதிவாளர். வெப்ப நாடுகளில் விறகுக்குப் பதிலாகச் சூரிய வெப்பத்தைப் பயன்படுத்தலாம் என்பதே நூலின் பொருள். பம்பாயில் விறகு விலை ஏறிக்கொண்டிருப்பதைக் கண்டு கவலையுற்றவர் அவர். எட்டுப் பட்டைகளாக அமைந்த கண்ணாடிகள் விரிந்த மலர்போல் நிற்க, நடுவே கண்ணாடியால் மூடிய செப்புப் பாத்திரம் இருக்கும். ஏழு படைவீரர்களுக்குரிய இறைச்சியும் காய்கறியும் இரண்டு மணி நேரத்தில் இதில் வெந்தன. அதுவும் பம்பாயின் குளிர்மாதமாகிய ஜனவரியில். நீராவியை அடைத்து வைத்தால் அவித்த உணவு. வெளியே விட்டால் வாட்டிய உணவு. வழக்கமான அடுப்பில் சமைப்பதைவிட இது சுவையாக இருந்ததாக வீரர்கள் கூறினார்களாம். பட்டாளத்துச் சமையலின் இலட்சணத்தை அறிந்தவர்கள் இதை ஐயுற மாட்டார்கள்!

ஆடம்ஸ் எழுபத்திரண்டு கண்ணாடிகளைக் கொண்டு நீராவி இயந்திரத்தையும் ஓட்டிக் காட்டினார். பிறகு அவ்வளவுதான். பம்பாய் மக்கள் வழக்கம்போல் விறகுக்கடைக்கே போனார்கள்.

இதன்பின் அடுப்பு மீண்டும் மலையேறியது. 1881-ல் அமெரிக்க விஞ்ஞானி சாமுவேல் லாங்லி, கலிபோர்னியாவிலுள்ள விட்னி மலைக்கு ஒரு குழுவோடு சென்றார். 4,400 மீட்டருக்கு மேல் உயர்ந்த மலை அது. மேலே ஏற ஏற மண் உறைகிறது. ஆனால் வெயிலோ முகத்தைச் சுட்டுக் கொப்புளமாக்குகிறது. சிகரத்தை நெருங்கும் இடத்தில், இரண்டு ஜன்னல் கண்ணாடிகளால் மூடிய செப்புப் பாத்திரத்தினுள் வெப்பம் கொதிநிலையைத் தாண்டியது. சுற்றிலும் பனிவயல், நடுவே வெறும் வெயிலால் நீரைக் கொதிக்கவைக்கும் பாத்திரம். சொசூர் நூறாண்டுகளுக்கு முன் கிராமோன் சிகரத்தில் கண்டதற்கு இதைவிடச் சிறந்த சான்று வேண்டுமா?

லாங்லியிடம் பணியாற்றி, பின்னாளில் அவர் வகித்த ஸ்மித்சோனியன் நிலையத்துச் செயலாளர் பதவிக்கும் வந்தவர் சார்ல்ஸ் கிரீலி ஆபட். வில்சன் மலையில் ஆண்டுதோறும் தங்கிச் சூரியனை அளந்து வந்த இவர், தம் குடிலருகே நீண்ட வளைவான ஆடி ஒன்றை அமைத்தார். ஆடியின் நடுவே ஓடும் குழாயில் எண்ணெய் சூடாகும். சூடான எண்ணெய் மேலேயுள்ள தொட்டிக்கு ஏறும். தொட்டியில் பதித்த அடுப்பறை இரவிலும் ஆறாது. அவருடைய மனைவியார் அதில் ரொட்டி சுட்டார், பழங்களைப் பதப்படுத்தினார். சூரிய அடுப்பின் பெருங்குறை மாலையில் அவிந்துவிடுவதுதான். அக்குறையை ஆபட் தீர்த்துவிட்டார். ஆனால் அத்தனை குழாயும் எண்ணெயும் கடிகார விசையும் ஒரு வானநூல் நிலையத்துக்குத்தான் பொருந்தும். ஏழையின் குடிசைக்கு அவற்றை யார் கொண்டுபோவது? ஆபட் 1973-ல், நூற்றொரு வயதில் மறைந்தார்.

விடுதலை பெற்ற இந்தியா இதே கேள்வியைக் கேட்டது. சாணத்தை வரட்டியாக்கி எரிப்பதால் வயலுக்கு உரம் குறைகிறதே என்ற கவலையில், டில்லியிலுள்ள தேசிய பௌதிக ஆய்வுக்கூடம் 1950-களின் தொடக்கத்தில் அலுமினிய ஆடி அடுப்பு ஒன்றை உருவாக்கியது. விற்பனைக்கும் வந்தது. பத்திரிகைகள் பாராட்டின. வாங்கியோர் சிலர், தொடர்ந்து பயன்படுத்தியோர் அவர்களிலும் சிலர். அதே காலத்தில் அமெரிக்காவில் ஹங்கேரியப் பெண் விஞ்ஞானி மரியா டெல்க்கெஷ், ஏழை நாடுகளுக்கென்று ஒரு பெட்டி அடுப்பை வடிவமைத்தார். சாய்ந்த கண்ணாடி, சுற்றிலும் நான்கு விரிந்த தகடுகள். ரொட்டி சுடவும் போதிய வெப்பம். நல்ல அடுப்புத்தான். அதுவும் வீடுகளுக்குள் புகவில்லை. 1980-களில் இந்திய அரசு உதவித்தொகை கொடுத்துப் பெட்டி அடுப்புகளைப் பரப்ப முயன்றதும் உண்டு. அவற்றில் பல பரண்மேல் ஏறின.

காரணத்தை அறிய டில்லிக்குப் போகவேண்டியதில்லை. நம் தோட்டத்து லயங்களை நினைத்தால் போதும். என் பெற்றோர் காலத்தில் பால்மரம் வெட்டுவோர் விடியுமுன் பெரட்டுக் களத்தில் நிற்க வேண்டும். அதற்குமுன் சோறு பொங்கித் தூக்குச் சட்டியில் அடைத்தாக வேண்டும். அடுப்பு மூட்டும் நேரம் காலை நான்கு மணி. குடும்பம் கூடி உண்ணும் உணவோ விளக்கு வைத்தபின். வெயில் கொளுத்தும் பதினொரு மணிக்கு வீட்டில் யார் இருக்கிறார்கள்? வெளியில் வைத்த பானையைக் காக்கவும் நாயையும் கோழியையும் விரட்டவும் ஆள் ஏது? உழைக்கும் மக்கள் உண்ணும் நேரத்தில் கதிரவன் இல்லை. கதிரவன் இருக்கும் நேரத்தில் அவர்கள் வீட்டில் இல்லை. பொறியியலார் சூட்டை அளந்தார்கள். குடும்பத் தலைவியின் நாளை அளக்கவில்லை. போதாக்குறைக்கு இன்னொன்று: இந்தப் பெட்டியில் தாளிக்க முடியாது. கடுகு வெடிக்காத குழம்பைக் குழம்பென்று ஒப்புக்கொள்ளும் தமிழ்ப் பெண்மணியை நான் இதுவரை சந்திக்கவில்லை.

முகாமில் இந்தத் தடைகள் பெரும்பாலும் மறைந்துவிடுகின்றன. பகல் முழுதும் வெளியிலேதான் வாழ்வு. பானையருகே எப்போதும் யாரேனும் இருப்பர். உண்ணும் நேரத்தை வேலை கட்டளையிடுவதில்லை. மின்கம்பியும் எரிவாயுக் கொள்கலமும் இல்லாத இடத்தில், காய்ந்த விறகு தேடி ஈரக்காட்டில் அலையும் தொல்லையும் இல்லை. தீ பரவும் அச்சமும் இல்லை.

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் பார்பரா கெர், ஷெரி கோல் என்ற இரு பெண்மணிகள் 1976-ல் இந்த அடுப்பை அட்டைப் பெட்டிக்கு இறக்கிக்கொண்டு வந்தார்கள். ஒன்றினுள் ஒன்றாக இரண்டு அட்டைப் பெட்டிகள், இடையே கசக்கிய செய்தித்தாள், உட்புறம் அலுமினியத் தாள், அடியில் கரிய தகடு, மேலே கண்ணாடி, திறந்து நிற்கும் மூடியில் ஒரு பிரதிபலிப்புத் தாள். சொசூரின் பெட்டிதான், விலைதான் வேறு. பள்ளிப் பிள்ளைகளும் ஒரு பகலில் செய்துவிடலாம்.

எங்கள் பள்ளிச் சாரணரோடு இத்தகைய பெட்டிகளைச் செய்து முகாம்களுக்கு எடுத்துச் சென்றிருக்கிறேன். அந்த அனுபவத்தில் அறிந்த சிலவற்றைச் சொன்னால் முகாமுக்குச் செல்லும் இளைஞர்க்கு உதவும். பாத்திரம் மெல்லியதாகவும் கறுப்பாகவும் மூடியுள்ளதாகவும் இருக்க வேண்டும். பளபளக்கும் எவர்சில்வர் பாத்திரம் ஒளியைத் திருப்பி அனுப்பிவிடும். உணவு வேக நீர் கொதித்துத் தளும்ப வேண்டும் என்பது நம் பழக்கமேயன்றி விதியன்று. 85 டிகிரியிலேயே அரிசி மெல்ல வெந்துவிடும். இரண்டு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். ஆனால் அடிப்பிடிக்காது, கிளற வேண்டாம். மூடியைத் திறந்து திறந்து பார்ப்பவனுக்குச் சோறு கிடைக்காது. பருப்பை முதல்நாள் இரவே ஊறவைத்துவிட வேண்டும். மீன் விரைவில் வெந்துவிடும். காய்கறிக்கு அதன் நீரே போதும். அரைமணிக்கொரு முறை பெட்டியைக் கதிரவன் பக்கம் திருப்பி வைப்பது ஒன்றே வேலை.

எப்போது வைப்பது? உன் நிழல் உன்னைவிடக் குட்டையாக இருக்கும் வரை சமைக்கலாம் என்று ஒரு விதி உண்டு. கதிரவன் 45 பாகைக்கு மேல் நிற்கிறான் என்பது அதன் கணிதப் பொருள். மலேசியத் தீபகற்பத்தில் நம் கடிகாரம் கதிரவனை முந்தி ஓடுவதால், உச்சிப் பொழுது பிற்பகல் ஒரு மணி கடந்தபின்னரே வருகிறது. ஆகவே காலை பத்தேகால் மணிக்கு மேல்தான் நிழல் குறுகும். பூமத்திய ரேகைக்கு அருகில் வாழும் நமக்கு உச்சிக் கதிரவன் தலைக்கு மேலேயே நிற்பதால், கண்ணாடியைச் சாய்க்கும் தொல்லை இல்லை. ஆனால் நம் வானம் சொசூரின் மலைவானமன்று. ஈரக்காற்றும் மேகமும் நேர்க்கதிரைச் சிதறடிக்கின்றன. பிற்பகலில் இடியோடு மழையும் வந்துவிடும். கெடா, பெர்லிஸ் பகுதிகளில் ஜனவரி, பிப்ரவரி மாதங்கள் ஏற்றவை. மற்ற காலத்தில், வானம் கறுத்தால் மூட்ட நாலு சுள்ளியைத் தயாராக வைத்திருப்பவனே நல்ல சாரணன். அவித்த முட்டையோடு தொடங்கச் சொல்வேன். பிள்ளைகள் புகையில்லாமல் வெந்த முட்டையை உடைக்கும்போது அவர்கள் முகத்தில் தோன்றும் வியப்பு, கரும்பலகையில் நான் எழுதும் எந்த விதியாலும் வருவதன்று.

இதுவரை சொன்ன முகாம்கள் யாவும் விருப்பத்தோடு சென்ற முகாம்கள். ஹெர்ஷலுக்குக் குழம்பு வேகாவிட்டால் சமையற்காரர் வேறு உணவு கொடுத்திருப்பார். சாரணச் சிறுவனுக்கு முட்டை வேகாவிட்டால் பிஸ்கட் இருக்கிறது. வேறு வழியில்லாமல் முகாமில் வாழ்வோரிடம் இவ்வடுப்பு சென்ற வரலாறே அதன் கடைசி அத்தியாயம். முக்கியமான அத்தியாயமும் அதுவே.

சூரிய அடுப்பைப் பரப்பும் நோக்கத்தோடு அமெரிக்காவில் 1987-ல் ஓர் அனைத்துலக அமைப்பு தோன்றியது. பிரெஞ்சுப் பேராசிரியர் ரோஜர் பெர்னார் வகுத்த எளிய முறையைத் தழுவி, 1994-ல் அவ்வமைப்பினர் குக்கிட் என்னும் அடுப்பை உருவாக்கினர். இதில் பெட்டியே இல்லை. மடிக்கக்கூடிய ஓர் அட்டை. அதன்மீது ஒட்டிய அலுமினியத் தாள். நடுவே கறுப்புப் பானை. பானையைச் சுற்றி வெப்பம் தாங்கும் ஒரு பிளாஸ்டிக் பை. சொசூரின் ஐந்து கண்ணாடிப் பெட்டிகள் ஒரு பையாகச் சுருங்கிவிட்டன! 1995-ல் வட கென்யாவின் கக்குமா அகதி முகாமுக்கு இவ்வடுப்பு சென்றது. வறண்ட நிலம், கதிரவனுக்குக் குறைவில்லை, மரத்துக்குத்தான் பஞ்சம். பங்கீட்டு உணவைப் பெற்றவர்கள், அதில் ஒரு பகுதியை விற்று விறகு வாங்க நேர்ந்த அவலம் அகதி முகாம்களில் உண்டு. மீதி உணவை வேகவைக்க, உணவையே விலையாகக் கொடுப்பது!

அதைவிடக் கொடியது சாட் நாட்டின் கிழக்கு எல்லையில் நடந்தது. சூடானின் டார்பூர்ப் பகுதியில் 2003-ல் மூண்ட போரால் ஊரைவிட்டு ஓடிய மக்கள், எல்லை தாண்டி அங்கே முகாம்களில் அடைக்கலம் புகுந்தனர். அவற்றுள் ஒன்று இரிடிமி. சுற்றியிருந்த சிறு மரங்களும் விரைவில் தீர்ந்துவிட்டன. விறகு பொறுக்கப் பெண்களும் சிறுமியரும் முகாமைவிட்டு நெடுந்தொலைவு செல்ல வேண்டியதாயிற்று. வழியில் ஆயுதம் தாங்கியோர் அவர்களைத் தாக்கினர், மானபங்கம் செய்தனர். ஆண்கள் போனால் உயிர் போகும். பெண்கள் போனால் மானம் போகும் என்று குடும்பங்கள் கணக்குப் பார்த்துப் பெண்களை அனுப்பிய செய்தியைப் படிக்கும்போது மனம் பதறுகிறது. ஒரு கட்டுச் சுள்ளிக்கு இந்த விலை.

2006-ல் இரிடிமியில் குக்கிட் அடுப்புகள் வந்தன. அமெரிக்க, டச்சுத் தொண்டு நிறுவனங்கள் உதவின. ஆனால் அடுப்பை அவை ஆயத்தமாக இறக்குமதி செய்யவில்லை. அட்டையும் தாளும் பசையும் வந்தன. முகாமிலேயே ஒரு பட்டறை அமைத்து அகதிப் பெண்களே வெட்டி ஒட்டினார்கள். செய்யக் கற்றவள் அடுத்தவளுக்குச் சமைக்கக் கற்றுக் கொடுத்தாள். காலையில் பானையை வைத்துவிட்டால், பிள்ளைகளைப் பார்க்கலாம், பாய் முடையலாம், புகையில்லை, தீயில்லை. விறகுக்காக வெளியே செல்லும் நடை வெகுவாகக் குறைந்தது.

நகரத்து வீட்டில் இவ்வடுப்பைப் பரண்மேல் ஏற்றிய காரணங்கள் அங்கேயும் முற்றிலும் ஒழியவில்லை. இரவு உணவுக்கும் புழுதிக்காற்று வீசும் நாளுக்கும் அவர்கள் மூன்று கல் கூட்டிச் சில சுள்ளிகளை எரித்தார்கள். கெட்டியான களி கிண்டுவதற்குப் பைக்குள் இருக்கும் பானை ஒத்துவராது. ஆயினும், பத்துச் சுள்ளி வேண்டிய இடத்தில் மூன்று போதும் என்றால், ஒருத்தி வாரத்தில் சில நாள் காட்டுக்குப் போகாமல் இருக்கலாம். சூரிய அடுப்பு விறகை ஒழித்துவிடும் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். எத்தனை நடையை மிச்சப்படுத்தும் என்று கேட்டவர்கள் ஏமாறவில்லை.

அட்டையடுப்புக்கு ஆயுள் குறைவு. மணற்காற்றில் தாள் மங்கும். வெப்பத்தில் பை கிழியும். மழைக்காலம் வந்தால் அட்டை நைந்துவிடும். நைந்தவற்றை எடுத்துக்கொண்டு இரிடிமிப் பெண்கள் மீண்டும் பட்டறைக்கு வந்து, புதிய அட்டையை விரித்துப் பசை தடவினார்கள்.